காலண்டர் உள்ள மெக்கானிக்கல் வாட்ச் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டரி இல்லாமல் சுருள்வில்லின் விசையில் மட்டும் ஓடும் வாட்ச், மணியோடு தேதி, கிழமை, மாதம், பிறை ஆகியவற்றையும் காட்டினால் அதைக் காலண்டர் காம்ப்ளிகேஷன் என்கிறார்கள். வாங்குவதற்கு முன்னும் வாங்கிய முதல் சில மாதங்களிலும் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

காலண்டர் வாட்சுகளில் எத்தனை வகை?

வருடத்துக்கு எத்தனை முறை நாம் கைவைத்துத் திருத்த வேண்டும் என்பதை வைத்தே பிரித்துவிடலாம். தேதி மட்டும் காட்டும் வாட்சுக்கு எல்லா மாதமும் 31 நாள்தான். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் முடிந்ததும் திருத்த வேண்டும். ஆக ஐந்து முறை. கிழமையும் சேர்ந்த டே-டேட் வகைக்கும் அதே ஐந்து. தேதி, கிழமை, மாதம் மூன்றையும் காட்டும் கம்ப்ளீட் கேலண்டர் பார்வைக்குப் பெரிய வேலைப்பாடாகத் தெரியும். ஆனால் எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்பது அதற்கும் தெரியாது; அங்கேயும் ஐந்துதான். டிரிபிள் கேலண்டர் என்று சொல்வதும் இதைத்தான்.

ஆனுவல் கேலண்டருக்கு 30 நாள் மாதமும் 31 நாள் மாதமும் பிரித்துத் தெரியும். பிப்ரவரியை மட்டும் 30 நாள் என்று எண்ணிக்கொள்ளும். அதனால் மார்ச் 1 அன்று ஒரே ஒரு திருத்தம். பெர்பெச்சுவல் கேலண்டர் லீப் வருடத்தையும் கணக்கில் வைத்திருக்கிறது. நிற்காமல் ஓடினால் 2100 பிப்ரவரி வரை அதைத் தொட வேண்டியதில்லை. 'நிற்காமல் ஓடினால்' என்ற அந்த நிபந்தனையில்தான் தேர்வு முழுவதும் இருக்கிறது.

எனக்கு எது பொருந்தும்? எதை முதலில் யோசிப்பது?

வாட்ச் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதை முதலில் யோசியுங்கள். பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்: எது அதிகம் காட்டுகிறதோ அதுவே மேல் என்று நினைத்து வாங்கிவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கட்டுகிறார்கள். மீதி ஐந்து நாளில் வாட்ச் நின்றுவிடும். தேதி மட்டும் உள்ள வாட்ச் என்றால் அரை நிமிடத்தில் சரிசெய்து கட்டிக்கொண்டு கிளம்பலாம். கம்ப்ளீட் கேலண்டர் என்றால் தேதி, கிழமை, மாதம், பிறையும் இருந்தால் அது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். பெர்பெச்சுவல் என்றால் கையேட்டை எடுத்து உட்கார வேண்டும்.

ஆகவே ஒரே வாட்சைத் தினமும் கட்டுபவருக்குத்தான் ஆனுவலும் பெர்பெச்சுவலும் முழுப் பலன் தரும். நான்கைந்து வாட்சுகளை மாற்றி மாற்றிக் கட்டுபவருக்குத் தேதி மட்டும் உள்ளதே போதும். டே-டேட்கூடக் கொஞ்சம் தொந்தரவுதான். கம்ப்ளீட் கேலண்டரை டயலின் அழகுக்காக வாங்குங்கள். வசதிக்காக என்றால் அது வேண்டாம்.

அடுத்ததாகப் பவர் ரிசர்வ். முழுதாகச் சாவி ஏறிய வாட்ச் கழற்றி வைத்த பிறகு எத்தனை மணி நேரம் ஓடும் என்ற கணக்கு இது. மூவ்மென்ட் எனப்படும் உள் இயந்திரத்தைப் பொறுத்து இது மாறும்: ஈடிஏ 2824-2 சுமார் 38 மணி, செய்கோவின் என்எச்36 சுமார் 41 மணி. வெள்ளி மாலை கழற்றி வைத்தால் ஞாயிறு மதியத்துக்குள் இரண்டும் நின்றிருக்கும். ரோலெக்ஸ் 3235 சுமார் 70 மணி ஓடும். பவர்மேட்டிக் 80 அதன் பெயரே சொல்வதுபோல 80 மணி. வார இறுதியில் வாட்ச் கட்டாதவர் 65 மணிக்குக் குறையாமல் பார்த்து வாங்கினால் திங்கள் காலை தேதியைத் திருத்தும் வேலை இருக்காது. காலண்டர் இல்லாத வாட்சில் இந்த எண் ஒரு சின்ன வசதி. காலண்டர் இருந்தால் தேர்வையே மாற்றக்கூடியது.

தேதி உள்ளே எப்படி மாறுகிறது?

டயலுக்கு அடியில் 1 முதல் 31 வரை அச்சிட்ட ஒரு மெல்லிய வளையம் கிடக்கிறது. அதன் உள்விளிம்பில் 31 பற்கள். மணி முள்ளைச் சுமக்கும் சக்கரம் நாளுக்கு இருமுறை சுற்றும். அதோடு இணைந்த இன்னொரு சக்கரத்துக்கு இருமடங்கு பற்கள் என்பதால் அது 24 மணி நேரத்தில் ஒரே சுற்று. அந்தச் சக்கரத்தில் விரல்போல ஒரு நீட்டல் உண்டு. இரவு அது வளையத்தின் ஒரு பல்லைத் தொட்டு மெல்லத் தள்ளும். பல் பாதி வழி போனதும், மறுபக்கம் அழுத்திக்கொண்டிருக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங்கின் மூக்கு அடுத்த பள்ளத்தில் சறுக்கி விழும். வளையமும் மீதித் தூரத்தைத் தானே தாண்டிவிடும். இரவு அமைதியில் காதோரம் வைத்தால் அந்த 'டக்' சத்தம் சில வாட்சுகளில் கேட்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இரவில் தேதியைத் திருப்பக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் வாட்சுக்கு இரவா பகலா என்பதுதான் கணக்கு. நீங்கள் பகலில் திருத்துகிறீர்களா இரவிலா என்பதல்ல. முட்கள் இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரையிலான நிலையில் இருக்கும்போது அந்த விரல் வளையத்தின் பல்லோடு கோத்திருக்கும். அந்த நேரத்தில் கிரவுனை, அதாவது வாட்சின் பக்கத்தில் உள்ள திருகு குமிழை, திருகித் தேதியை மாற்றினால் வளையத்தை இரண்டு இடத்திலிருந்து இரண்டு விசைகள் தள்ளும். விரல் வளையும், அல்லது பல் உடையும். கிழமையும் உள்ள வாட்சுகளில் தேதி முடிந்த பிறகுதான் கிழமை நகரும் என்பதால் சில கையேடுகள் 9 முதல் 4 வரை என்று நீட்டிச் சொல்கின்றன. விரல் விலகிக்கொள்ளும்படி செய்த மூவ்மென்ட்களும் உண்டு. உங்களுடையது அப்படித்தான் என்று கையேடு சொல்லாதவரை நம்பி இறங்க வேண்டாம்.

எந்த வாட்சுக்கும் பொருந்தும் முறை இது. கிரவுன் திருகி மூடும் வகையானால் முதலில் திருகித் திறங்கள். நின்றுபோன ஆட்டோமேட்டிக் வாட்சுக்கு இருபது, முப்பது சுற்றுச் சாவி கொடுங்கள். கிரவுனை முழுதாக வெளியே இழுத்து முட்களை முன்னோக்கிச் சுற்றுங்கள். தேதி மாறும் இடத்தைக் கண்ணால் பாருங்கள். அதுதான் வாட்சின் நள்ளிரவு. அங்கிருந்து இன்னும் முன்னே போய்க் காலை ஆறரையில் நிறுத்துங்கள். இரண்டு முட்களும் டயலின் கீழ்ப்பாதியில் தொங்கும். விரல் பற்களை விட்டு வெகுதூரம் போயிருக்கும். இப்போது கிரவுனை நடு நிலைக்குத் தள்ளி நேற்றைய தேதியை வையுங்கள். டே-டேட்டில் ஒரு பக்கம் திருகினால் தேதி, மறுபக்கம் திருகினால் கிழமை. இரண்டையும் நேற்றைக்கு வையுங்கள். மறுபடி கிரவுனை முழுதாக இழுத்து, முட்களை முன்னோக்கிச் சுற்றி நள்ளிரவைத் தாண்டுங்கள். இன்றைய தேதி வரும். இப்போதைய நேரம் மதியத்துக்குப் பிறகு என்றால் 12-ஐ இன்னொரு முறை தாண்டி நேரத்தை வையுங்கள். கிரவுனை உள்ளே தள்ளித் திருகி மூடுங்கள்.

நேற்றைய தேதியில் தொடங்குவதற்குக் காரணம், நள்ளிரவை உங்கள் கண்முன்னே ஒருமுறை தாண்டவைத்தால் முற்பகலா பிற்பகலா என்ற குழப்பம் மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும்.

என் வாட்சில் பகல் 12 மணிக்குத் தேதி மாறுகிறது. பழுதா?

இல்லை. 12 மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறீர்கள். முட்களை ஒரு முழுச் சுற்று, அதாவது 12 மணி நேரம், முன்னே நகர்த்தி, தேவையானால் தேதியையும் திருத்துங்கள். ஆனால் 3 மணிக்கோ 8 மணிக்கோ மாறினால் அது வேறு விஷயம். சர்வீசின்போது முட்களைத் தவறான நிலையில் பொருத்தியிருப்பார்கள். முட்களைக் கழற்றி, தேதி குதிக்கும் கணத்தில் 12-இல் மீண்டும் பொருத்தச் சொல்ல வேண்டும்.

நள்ளிரவு சரியாக 12-க்கு மாற வேண்டாமா? என்னுடையதில் பத்தரை மணியிலிருந்தே ஊர்ந்துகொண்டிருக்கிறது.

அந்த வகை மூவ்மென்டின் இயல்பு அது. விலை குறைந்த பல மூவ்மென்ட்களில் தேதி மெல்ல நகர்ந்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் முடியும். பத்து, பதினைந்து நிமிடம் முன்பின்னாகக் குதித்தாலும் பழுதென்று சொல்ல முடியாது. ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் போன்றவற்றில் நாள் முழுக்க ஒரு ஸ்பிரிங்கில் விசையைச் சேர்த்து வைத்து நள்ளிரவில் ஒரே கணத்தில் விடுவிப்பார்கள். பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது, காலையிலும் இரண்டு எண்களுக்கு நடுவே வளையம் நின்றிருந்தால்தான். அந்தக் குட்டி ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது எண்ணெய் உறைந்து அழுக்கு சேர்ந்திருக்கும்.

தேதி ஜன்னலில் எதைக் கவனிப்பது?

இடத்தைப் பாருங்கள். வளையத்தின் அளவு மூவ்மென்டின் அளவைத் தாண்டாது. ஈடிஏ 2824-2-வின் விட்டம் 25.6 மில்லிமீட்டர். அதை 38 மில்லிமீட்டர் கேஸில் (வாட்சின் வெளிக்கூட்டில்) வைத்தால் ஜன்னல் டயலின் விளிம்போரம் இயல்பாக அமையும். அதையே 44 மில்லிமீட்டர் கேஸில் வைத்தால் ஜன்னல் மையத்தை நோக்கி உள்ளே தள்ளிப்போய், 3 மணி கோட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே வெற்றிடம் தெரியும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் தினமும் உறுத்தும்.

பிறகு எண் ஜன்னலின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. 1, 11, 22, 31 என்று நான்கைந்தைத் திருப்பிப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சரிசெய்துவிடலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்தால் வளையமே சரியில்லை. கறுப்பு டயலில் வெள்ளை வளையம் பிடிக்கிறதா என்பது உங்கள் ரசனை. ஆனால் டயல் நிறத்துக்கு வளையத்தையும் பொருத்தியிருக்கும் தயாரிப்பாளர் மற்ற இடங்களிலும் கவனமாக இருப்பார் என்று நம்பலாம்.

எண் சிறிதாக இருக்கிறது, படிக்க முடியவில்லை. வேறு வழி உண்டா?

மூன்று வழி உண்டு. கண்ணாடியின் மேல் ஒட்டிய பூதக்கண்ணாடி ஒன்று. அது எண்ணைப் பெரிதாக்கும். ஆனால் நேர் மேலிருந்து பார்த்தால்தான் தெளிவு.

இரண்டாவது பெரிய தேதி. பத்தாம் இடத்து எண்ணுக்கும் ஒன்றாம் இடத்து எண்ணுக்கும் தனித்தனி வட்டு. ட்ரெஸ்டன் நகரின் செம்பர் ஓபரா அரங்கில் உள்ள ஐந்து நிமிடக் கடிகாரத்தைப் பார்த்து 1994-இல் லாங்கே 1 வாட்சில் இந்த யோசனையை அழகாகக் கொண்டுவந்தார்கள். 31 முடிந்து 01 வரும் இரவில் ஒன்றாம் இடத்து வட்டு அசையாமல் நிற்க, பத்தாம் இடத்து 3 மட்டும் 0 ஆக மாறும். கடையில் இந்த வகை வாட்சைப் பார்க்கும்போது அந்த மாற்றத்தைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். சிக்கல் இருந்தால் அங்கேதான் தெரியும்.

மூன்றாவது முள் தேதி. டயல் விளிம்பில் 1 முதல் 31 வரை எழுதி, ஒரு தனி முள் அதைச் சுட்டும். ஓரிஸ் 1938 முதல் பிக் கிரவுனில் செய்வது இதுதான். ஜன்னல் இல்லாததால் டயலின் சமநிலை கெடாது. நாலாவதாக ஒரு முள் டயலில் சுற்றுவதுதான் சிலருக்குப் பழக நாளாகும்.

டே-டேட் வாட்சில் கிழமை வேறு மொழியில் வருகிறதே?

கிழமை வட்டில் பெரும்பாலும் 14 இடங்கள் இருக்கும்: ஏழு கிழமை, இரண்டு மொழி. அடுத்தடுத்த இடங்களில் மொழி மாறி மாறி அச்சிட்டிருப்பார்கள். கிரவுனால் இன்னொரு படி நகர்த்தினால் உங்களுக்கு வேண்டிய மொழி வந்துவிடும். இரவில் தானாக மாறும்போது இரண்டு படியாக நகர்ந்து அதே மொழியிலேயே நிற்கும். விடிகாலையில் சில நேரம் மற்ற மொழி தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது பாதி வழியில் இருக்கிறது.

ஆனுவல் வாங்குவதா, பெர்பெச்சுவல் வாங்குவதா?

நிறையப் பேருக்கு ஆனுவலே சரி என்பது எங்கள் கருத்து. வருடத்துக்கு ஒருமுறை மார்ச் 1 அன்று ஒரு நிமிடம் செலவழிப்பது யாருக்கும் பாரமல்ல. அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்த பெர்பெச்சுவலில் ஏறும் சிக்கல், விலை, சர்வீஸ் செலவு மூன்றும் மிக அதிகம். ஆனுவல் கேலண்டர் கைக்கடிகாரத்தைப் பாட்டெக் ஃபிலிப் 1996-இல்தான் 5035 என்ற மாடலில் கொண்டுவந்தது. பெர்பெச்சுவலைத் தாமஸ் மட்ஜ் 1762-லேயே பாக்கெட் வாட்சில் செய்துவிட்டார். கடினமானது முதலில் வந்து, எளிமையானது இருநூறு வருடம் கழித்து வந்திருக்கிறது. ரோலெக்ஸ் 2012-இல் வெளியிட்ட ஸ்கை-டுவெல்லரும் ஆனுவல்தான். பன்னிரண்டு மணிக் குறிகளின் ஓரம் உள்ள சிறு கட்டங்களில் ஒன்று நிறம் மாறி மாதத்தைக் காட்டும்.

பெர்பெச்சுவலை விரும்புபவர் அந்த இயந்திரத்துக்காகவே விரும்புவார். அது நியாயமான விருப்பம்தான். அதன் நடுவே நான்கு வருடத்துக்கு ஒருமுறை சுற்றும் ஒரு சக்கரம். விளிம்பில் 48 மாதத்துக்கு 48 படி. 31 நாள் மாதத்துக்குப் படி மேடாக இருக்கும், 30 நாளுக்குச் சிறு பள்ளம், லீப் பிப்ரவரிக்கு ஆழம், சாதாரணப் பிப்ரவரிக்கு எல்லாவற்றையும்விட ஆழம். ஒரு நெம்புகோலின் அலகு அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்க்கும். எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதற்கேற்ப மாதக் கடைசி இரவில் அதிகப் பற்களைத் தள்ளும். சாதாரண வருடத்தின் பிப்ரவரி 28 இரவில் 29, 30, 31 மூன்றையும் தாண்டி ஒரே தள்ளலில் நான்கு பல் நகர்ந்து 1-க்கு வந்து நிற்கும். மாதத்தின் நீளம் அந்த உலோக விளிம்பில் பள்ளமாக வெட்டப்பட்டிருக்கிறது. வாட்சின் ஞாபகம் முழுவதும் அவ்வளவுதான். சில தயாரிப்புகளில் 12 படிச் சக்கரமும், பிப்ரவரிக்கு மட்டும் தனியாகத் திரும்பும் ஒரு சிறு துண்டும் இதே வேலையைச் செய்கின்றன.

2100-இல் ஏன் திருத்த வேண்டும்?

நூறால் வகுபடும் வருடம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப். 2000 லீப், 2100, 2200, 2300 அல்ல. 48 மாதச் சக்கரத்துக்கு இது தெரியாது. 2100-இல் பிப்ரவரி 29 காட்டும். அன்று ஒரு நாள் நகர்த்திவிட்டால் முடிந்தது. ஐடபிள்யூசி 2024-இல் வெளியிட்ட இட்டர்னல் கேலண்டரில் 400 வருடத்துக்கு ஒருமுறை சுற்றும் சக்கரமே இருக்கிறது. வாங்கும் முடிவை இது மாற்ற வேண்டியதில்லை.

விலை குறைந்த வாட்சுகளிலும் பெர்பெச்சுவல் என்று எழுதியிருக்கிறதே?

இரண்டு விதம் உண்டு. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சில் சில்லு கணக்குப் போடும். அது உண்மையான பெர்பெச்சுவல்தான், ஆனால் மெக்கானிக்கல் அல்ல. இன்னொன்று ஓரியன்ட் மல்டி இயர் கேலண்டர் போன்றவை. அவற்றில் வருடத்தையும் மாதத்தையும் கையால் சேர்த்து வைத்தால் அந்த மாதம் முழுவதற்கும் எந்தத் தேதி எந்தக் கிழமை என்று டயலில் ஓர் அட்டவணை தெரியும். மாதாமாதம் நாம்தான் திருப்ப வேண்டும். அட்டவணையாக அது நன்றாகவே பயன்படும். மாத முடிவில் தேதி தானாகத் திருந்தும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஆட்டோமேட்டிக் வாட்சின் பெயரில் 'பெர்பெச்சுவல்' என்று இருந்தால், அது கை அசைவில் தானே சாவி ஏறும் என்பதைச் சொல்கிறது. காலண்டரைப் பற்றி அல்ல.

பிறை காட்டும் மூன்ஃபேஸ் எவ்வளவு சரியாக இருக்கும்? எப்படி வைப்பது?

இரண்டு நிலா வரைந்த ஒரு வட்டு. அதைத் திருப்புவது 59 பல் உள்ள சக்கரம். நாளுக்கு ஒரு பல் என்றால் ஒரு நிலாவுக்கு 29.5 நாள். வானத்து நிலாவுக்கு 29.53 நாள் ஆகிறது. மாதத்துக்கு 44 நிமிடம் விலகி, இரண்டே முக்கால் வருடம் ஆவதற்குள் ஒரு முழு நாள் பிசகியிருக்கும். 135 பல் சக்கரம் வைத்த வாட்சுகளில் ஒரு நாள் பிசக 122 வருடம் ஆகும். நடைமுறையில் 59 பல்லே போதும். இரண்டரை வருடத்துக்குள் வாட்ச் எப்படியும் ஒருமுறையாவது நின்று, நீங்கள் புதிதாக வைத்திருப்பீர்கள்.

வைக்கும் முறை: கடைசியாக வந்த பௌர்ணமித் தேதியைப் பாருங்கள். முட்களைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, முழு நிலா ஜன்னலின் நட்டநடுவில் வரும்வரை, பிறையைத் திருத்தும் பக்கப் பொத்தானை அழுத்துங்கள். பௌர்ணமியிலிருந்து இன்றுவரை எத்தனை நாளோ அத்தனை முறை மேலும் அழுத்துங்கள். அமாவாசையை வைத்து எண்ண வேண்டாம். ஜன்னலில் நிலா இல்லாத இடத்தைக் கண்ணால் சரியாகக் கணிக்க முடியாது.

பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தான்களை எதால் அழுத்துவது?

வாட்சோடு வரும் கூர்குச்சியால் அழுத்துங்கள். தொலைந்துவிட்டால் மரப் பல்குச்சி. ஊசி, பேனா முனை, பேப்பர் கிளிப் வேண்டவே வேண்டாம். நழுவினால் கேஸில் விழும் கீறல் போகாது. நேராக, ஒரே மூச்சில், அடிவரை அழுத்தி விடுங்கள். பாதி அழுத்தி விட்டால் உள்ளே உள்ள நெம்புகோல் பல்லை அரைகுறையாகத் தள்ளி நிறுத்திவிடும். தேதி ஒன்று, கிழமை ஒன்று என்று பிசகுவது பெரும்பாலும் இப்படித்தான். தினமும் வாட்சை மாற்றுபவராக இருந்தால் பொத்தான்களே இல்லாமல் கிரவுனாலேயே எல்லாம் வைக்கும் மாடலைத் தேடுங்கள். 1985-இல் கர்ட் கிளவுஸ் ஐடபிள்யூசி டா வின்சிக்காக வடிவமைத்த பெர்பெச்சுவல் அப்படிப்பட்டது.

பெர்பெச்சுவலைத் தவறுதலாக ஒரு நாள் முன்னே நகர்த்திவிட்டேன். பின்னே கொண்டுவர முடியுமா?

பெரும்பாலானவற்றில் முடியாது. முட்களைப் பின்னோக்கிச் சுற்றி நள்ளிரவைத் தாண்டவைக்க முயலாதீர்கள். நெம்புகோல் அந்தத் திசைக்காகச் செய்யப்பட்டதல்ல. கிரவுனை இழுத்து வாட்சை நிறுத்திவிட்டு நாளை வரை காத்திருங்கள். நாள் வந்து சேர்ந்துகொள்ளும். பத்து நாள் முன்னே போயிருந்தாலும் இதே வைத்தியம்தான்: சாவி இறங்கவிட்டுப் பத்து நாள் பெட்டியில் வையுங்கள். மாதமோ வருடமோ தாண்டிவிட்டால் தயாரிப்பாளரின் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். முன்னும் பின்னும் திருத்தக்கூடிய பெர்பெச்சுவல்களும் உண்டு. உலிஸ் நார்டின் 1996-இல் கொண்டுவந்த பெர்பெச்சுவல் லூத்விக் அதில் முக்கியமானது. வாங்கும் முன் விற்பவரிடம் 'பின்னோக்கித் திருத்த முடியுமா?' என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

வாட்சைச் சுற்றவைக்கும் வைண்டர் பெட்டி அவசியமா?

தேதி மட்டும் உள்ள வாட்சுக்கு வேண்டாம். நிற்கவிடுங்கள், நிற்பதால் கெடாது. சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் தேய்மானம்தான் மிச்சம். ஆட்டோமேட்டிக் பெர்பெச்சுவலுக்கு மட்டும் வைண்டர் உண்மையிலேயே உதவும். நாளுக்கு 650 முதல் 800 சுற்று பெரும்பாலானவற்றுக்குப் போதும். எந்தத் திசையில் சாவி ஏறுகிறது என்று பாருங்கள். வால்ஷு 7750 ஒரு திசையில்தான் ஏறும். எதிர்த்திசையில் ஆயிரம் முறை சுற்றினாலும் பயனில்லை. கையால் சாவி கொடுக்கும் வாட்சுக்கு வைண்டரால் ஒரு பயனும் கிடையாது.

தண்ணீர் படலாமா?

பக்கப் பொத்தான்கள் உள்ள காலண்டர் வாட்சுகளில் 30 மீட்டர் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். கை கழுவும்போது தெறிக்கும் துளிக்குத்தான் அது. நீச்சலுக்குக் கட்டக் கூடாது. தேதி மட்டும் உள்ள, கிரவுன் திருகி மூடும் வாட்சில் 100 மீட்டரும் அதற்கு மேலும் கிடைக்கும்.

பழைய வாட்சில் தேதியை வேகமாக மாற்றும் வசதியே இல்லை. என்ன செய்வது?

ரோலெக்ஸ் டேட்ஜஸ்டுக்குக்கூட அந்த வசதி 1977-இல் 3035 மூவ்மென்டோடுதான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் ஒரு தேதிக்கு 24 மணி நேரம் முட்களைச் சுற்ற வேண்டும். சில மூவ்மென்ட்களில் நள்ளிரவைத் தாண்டிய பின் இரவு 8 மணிவரை பின்னே வந்து மறுபடி முன்னே போனால் இன்னொரு தேதி நகரும். ஆனால் எல்லாவற்றிலும் அல்ல. கையில் சிறு தடை தட்டினாலும் நிறுத்திவிட்டு முன்னோக்கி மட்டும் சுற்றுங்கள். மாறி மாறிக் கட்டுபவர் இந்த வகையைத் தவிர்ப்பது நல்லது.

பயன்படுத்திய காலண்டர் வாட்ச் வாங்கும்போது எதையெல்லாம் சோதிப்பது?

முதலில் 31 தேதிகளையும் வேகத் திருத்தத்தில் ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். ஏதாவது ஓர் எண்ணில் மட்டும் தயங்கினாலோ இரண்டு எண் தாண்டினாலோ வளையத்தில் பல் போயிருக்கிறது. அடுத்து முட்களைச் சுற்றிக் குறைந்தது நான்கு நள்ளிரவைத் தாண்டவையுங்கள். வேகத் திருத்தமும் நள்ளிரவு மாற்றமும் வெவ்வேறு பாகங்களின் வேலை. ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று கெட்டிருக்கலாம்.

எண்களின் அச்சு எல்லாம் ஒரே எழுத்து வடிவமா, வளையம் மட்டும் டயலைவிடப் புதிதாக வெளுத்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பொத்தான் குழிகளைச் சுற்றிக் கீறல் இருந்தால் முந்தையவர் எதால் அழுத்தினார் என்று புரியும். உள்ளேயும் அதே முரட்டுத்தனம் நடந்திருக்கலாம்.

ஆனுவலில் ஏப்ரல் 30-ஐ வைத்து நள்ளிரவு தாண்டினால் மே 1 வர வேண்டும். மே 30-இல் 31 வர வேண்டும். இரண்டையும் பாருங்கள். பெர்பெச்சுவலில் பிப்ரவரி முடிவைச் சோதிப்பதுதான் உண்மையான சோதனை. ஆனால் அதற்காக முன்னே ஓட்டியதைத் திரும்பக் கொண்டுவர முடியாமல் போகலாம். அதனால் நீங்களே செய்யாமல், தேர்ந்த சர்வீஸ்காரர் நான்கு வருடச் சுற்றை முழுதாக ஓட்டிப் பார்த்துத் தரும் அறிக்கையைக் கேளுங்கள்.

வாட்சின் டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் பார்ப்பதானால் முட்களை ஆறு மணி அருகே வைத்து ஒருமுறை, இரவு பதினொன்றரையில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி இருக்க, ஆறு மணியில் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஊசலாடும் கோணம்) 270 முதல் 310 டிகிரிக்குள் இருந்தால் நல்ல நிலை. தேதியைத் தள்ளும் நேரத்தில் கொஞ்சம் குறைவது இயல்பு. வாட்ச் அந்த நேரத்தில் நின்றே போனால், அல்லது தினமும் நள்ளிரவை ஒட்டி நிற்கிறது என்று விற்பவரே சொன்னால், மூவ்மென்ட் முழு சர்வீஸுக்குக் காத்திருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

சர்வீஸ் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை? யாரிடம்?

ஐந்திலிருந்து ஏழு வருடம் பொதுவான கணக்கு. தேதி, டே-டேட் வாட்சுகளை நல்ல வாட்ச் மெக்கானிக் யாரும் செய்வார். ஈடிஏ, செல்லிட்டா, செய்கோ, மியோட்டா மூவ்மென்ட்களுக்கு உதிரிப் பாகமும் கிடைக்கும். ஆனுவலும் பெர்பெச்சுவலும் அப்படியல்ல. காலண்டர் பகுதி தனி அடுக்காக மூவ்மென்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, அல்லது மூவ்மென்டோடு சேர்த்தே வடிவமைக்கப்பட்டதா என்று கேளுங்கள். தனி அடுக்கு என்றால் வாட்ச் கொஞ்சம் தடிமனாகும். ஆனால் அடியில் உள்ள மூவ்மென்ட் பரவலாகப் புழங்குவதாக இருந்தால் அந்தப் பகுதியையாவது வெளியே சர்வீஸ் செய்ய முடியும். சேர்த்தே செய்ததானால் பெரும்பாலும் தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும். வாட்சைக் கொடுக்கும் முன் டயலைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே நின்று நான்கு நள்ளிரவைத் தாண்டவைத்துப் பாருங்கள். பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.